ரிவால்வரின் உட்பூட்டுக்கு மாற்று உறுப்பை நாமே கடைந்து கொள்ளலாமா?

அரைமில்லி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவில் வசிக்கிறேன். வேலை கணினியோடு, ஆனால் வார இறுதிகளில் வீட்டுக் கொட்டகையில் இருக்கும் சிறிய லேத்தோடும் மில்லிங் இயந்திரத்தோடும்தான் என் பொழுது கழியும். சென்ற ஆண்டு உரிமம் பெற்ற விற்பனையாளர் ஒருவரிடமிருந்து பழைய ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 686 வகை ரிவால்வர் ஒன்றை வாங்கினேன். சுழலுருளையைத் தாங்கும் கையைத் திறந்து பார்த்தால் 686-6 என்று பொறித்திருக்கிறது. துருப்பிடிக்காத எஃகு, 357 மேக்னம், நல்ல நிலையில் இருக்கிறது. துப்பாக்கிக்குள்ளேயே அமைந்த பாதுகாப்புப் பூட்டின் சாவியை மட்டும் முதல் உரிமையாளர் தொலைத்துவிட்டார்.

சாவியைத் தனியாக வரவழைத்துக் கொண்டேன். உருளையைத் திறந்து குண்டுகள் எதுவும் இல்லை என்று இருமுறை பார்த்துக் கொண்டு, இடப்பக்கத் துளையில் சாவியை நுழைத்துத் திருப்பினேன். சாவி மணலை அரைப்பது போல உறுத்திக் கொண்டு பாதி வரை சுற்றியது. சுத்தியின் பக்கத்தில் எழும்ப வேண்டிய நாக்கு அரைகுறையாக எழுந்து நின்றுவிட்டது. திருப்பி இறக்கும்போது இன்னும் அதிகமாக இறுகியது. இப்போது இறங்கிய நிலையில் இருக்கிறது. துப்பாக்கி வழக்கம் போல் இயங்குகிறது. ஆனாலும் அந்தப் பூட்டின் மேல் எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

எனவே இரண்டு வழிகளை யோசித்து வைத்திருக்கிறேன். முதலாவது, நாக்கு தேய்ந்தோ வளைந்தோ இருக்கிறது என்று கொண்டு, அதே அளவில் கருவி எஃகில் புதியதொன்றைச் செய்து கடினப்படுத்திப் பொருத்துவது. இரண்டாவது, சிலர் செய்வதாகப் படித்திருப்பது போல் பூட்டையே விட்டுவிட்டு, அந்தத் துளையை அடைக்க அழகான ஒரு குமிழைக் கடைந்து கொள்வது. துளை பார்வைக்கு நன்றாக இல்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இவ்விரண்டில் எது அறிவுடைய செயல், எந்த உலோகம் ஏற்றது, ஒரு மாதிரியை அளந்து அதிலிருந்து நகல் எடுப்பது போதுமா என்பதை அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.


கடைசல்காரன் எழுதியது:

தம்பி, முப்பது ஆண்டுகளாக எந்திரப் பட்டறையில் உறுப்புகள் செய்து வருகிறேன். அதில் ஒரு பகுதி பழைய துப்பாக்கிகளுக்கான வேலை. உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் பிணைந்து கிடக்கின்றன. ஒரு துளையை அடைத்துக் கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும் உறுப்பு ஒரு வகை. நகர்ந்து, இன்னொன்றைத் தடுத்து, வேண்டாதபோது வழிவிட்டு ஒதுங்க வேண்டிய உறுப்பு வேறு வகை. முதல் வகையில் நீங்கள் தவறினால் பார்க்க அசிங்கமாக இருக்கும், அவ்வளவுதான். இரண்டாம் வகையில் தவறினால் துப்பாக்கி, சுட வேண்டிய நேரத்தில் சுடாது. அல்லது பூட்டிவிட்டோம் என்று நீங்கள் நம்பியிருக்கும் நேரத்தில் பூட்டாமல் இருக்கும். இரண்டையும் ஒரே லேத்தில் கடையலாம் என்பதால் இரண்டும் ஒரே வேலை ஆகிவிடாது.

இந்தப் பூட்டு வேலை செய்யும் விதத்தை முதலில் மனத்தில் நிறுத்திக் கொள்ளுங்கள். உருளையைத் திறக்கும் கட்டைவிரல் தாழ்ப்பாளுக்குச் சற்று மேலே சாவித்துளை இருக்கிறது. சாவி திரும்பும்போது, சுத்தியின் இடப்பக்கத்தை ஒட்டிப் படுத்திருக்கும் மெல்லிய நாக்கு மேலெழுகிறது. நாக்கில் இருக்கும் சிறு முளை, சுத்தியில் அதற்கென்றே வெட்டிய பள்ளத்தோடு பிணைந்து சுத்தியைப் பின்னால் போகவிடாமல் பிடித்துக் கொள்கிறது. சுத்தி நகராவிட்டால் விசையும் நகராது. பூட்டிய நிலையில் நாக்கின் தலை சட்டகத்துக்கு மேலே எட்டிப் பார்க்கும். பூட்டப்பட்டுள்ளது என்ற பொருளில் ஓர் ஆங்கிலச் சொல் அதன் மேல் பொறிக்கப்பட்டிருக்கும். அந்தச் சொல் முழுவதும் தெரியாவிட்டால் பூட்டு முழுமையாக விழவில்லை என்று கொள்ளலாம். உங்களுக்குப் பாதிதான் தெரிந்திருக்கும்.

இனி நகல் எடுக்கும் யோசனை. இந்தத் தலைமுறை ரிவால்வர்களின் சுத்தி, விசை முதலான உறுப்புகள் உலோகத்தூளை ஊசி வார்ப்பு முறையில் அச்சுக்குள் செலுத்தி, பின்பு சூளையில் சுட்டு இறுக்கிச் செய்யப்படுபவை. சுடும்போது உறுப்பு ஏறத்தாழ 15 முதல் 20 சதவீதம் வரை சுருங்கும் என்பதால், அந்தச் சுருக்கத்தைக் கணக்கிட்டே அச்சைப் பெரிதாக வெட்டுவார்கள். அதன் விளைவாக, கடைசலுக்கோ மில்லிங்குக்கோ வசதியான வடிவமாக எதுவும் இருக்காது. மூலைகள் உருண்டிருக்கும், பரப்புகள் சிறிது சாய்ந்திருக்கும், எந்த முகத்தை அடிப்படையாகக் கொண்டு அளப்பது என்பதே புலப்படாது. அத்தகைய உறுப்பை வெர்னியரில் பிடித்து அளந்தால் ஓர் எண் கிடைக்கும். அந்த எண் வரைபடத்தில் இருந்த எண் அன்று. உங்கள் கையில் இருப்பதோ ஒரே ஒரு மாதிரி. அதுவும் பழுதான மாதிரி என்று நீங்களே சொல்கிறீர்கள். எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று தெரியாத ஒன்றை அளந்து நகல் எடுத்தால், தேய்மானத்தையும் சேர்த்தே நகல் எடுக்கிறீர்கள்.

என்னிடம் வந்த ஒருவர், பழைய ரிவால்வரின் உள்ளுறுப்பு ஒன்றை இப்படித்தான் பார்த்துப் பார்த்துச் செய்திருந்தார். மேலோட்டமாகப் பார்த்தால் மூலத்தைவிட அழகாக இருந்தது, பளபளவென்று மெருகேற்றியிருந்தார். அந்த மெருகேற்றும் வேலையில்தான் பிடிக்க வேண்டிய விளிம்பு மழுங்கிப் போயிருந்தது. கண்ணுக்குத் தெரியாது. நகத்தை அதன் மேல் குறுக்காக ஓட்டினால், மூலத்தில் நகம் தட்டி நின்றது; அவர் செய்ததில் வழுக்கிக் கொண்டு போயிற்று. அந்த ஒரு விளிம்புக்காகத்தான் உறுப்பு முழுவதும் இருக்கிறது.

உலோகத்தைப் பற்றிக் கேட்டீர்கள். கருவி எஃகைக் கடினப்படுத்தினால் மட்டும் போதாது. பதமும் காட்ட வேண்டும், அதாவது மறுபடி மிதமாகச் சூடாக்கி அதன் நொறுங்கும் தன்மையைக் குறைக்க வேண்டும். பதம் குறைந்தால் கண்ணாடி போல் நொறுங்கும், கூடினால் வளையும். மெல்லிய உறுப்பைத் தணிக்கும்போது அது முறுக்கிக் கொள்ளும், 0.05 மில்லிமீட்டர் முறுக்கிக் கொண்டாலே சுத்தியை உரசத் தொடங்கிவிடலாம். இத்தனை சிரமமும், தொழிற்சாலை உறுப்பு எளிதாகக் கிடைக்கும் ஒரு துப்பாக்கிக்குத் தேவைதானா என்பதுதான் என் கேள்வி. உற்பத்தி நின்றுபோன நூற்றாண்டுப் பழமையான துப்பாக்கி என்றால் நானே உங்களோடு சேர்ந்து உட்கார்ந்து அரம் போட்டிருப்பேன்.


மூன்றாம்படி எழுதியது:

கடைசல்காரன் ஐயா சொன்னதோடு உடன்படுகிறேன். இரண்டாவது யோசனையைப் பற்றி மட்டும் கொஞ்சம் கசப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. துளை அழகாக இல்லை என்பது ஒரு காரணமா? எங்கள் வீட்டில் ஏழு வயதிலும் நான்கு வயதிலும் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். துப்பாக்கிப் பெட்டகம் இருக்கிறது. அதற்குள் வைத்த பிறகும் உட்பூட்டைப் போட்டு வைக்கிறேன். பெட்டகத்தின் கதவைத் திறந்து வைத்துக் கொண்டு தொலைபேசி எடுக்கப் போகும் அந்த அரை நிமிடத்துக்காகத்தான் இரண்டாவது பூட்டு. என்னிடம் இருக்கும் ரிவால்வரில் அது கடந்த பதினோரு ஆண்டுகளாக ஒருமுறைகூடத் தகராறு செய்ததில்லை. பூட்டுக் கெட்டிருந்தால் சரி செய்யுங்கள். இல்லாத ஒன்றாக்கி, அதன் மேல் ஒரு பொத்தானை வைத்து மினுக்க வேண்டாம்.


பழையபத்திரம் எழுதியது:

மூன்றாம்படி அவர்களின் கவலை நியாயமானது. ஆனாலும் இந்தப் பூட்டை வெறுப்பவர்கள் எல்லோரும் அழகு பார்ப்பவர்கள் அல்லர். அந்த வெறுப்புக்கு ஒரு வரலாறு உண்டு. அது தெரிந்தால், துளையை அடைக்கும் குமிழ்களுக்கு இவ்வளவு கிராக்கி ஏன் என்பது விளங்கும்.

1852-இல் தொடங்கப்பட்ட ஸ்மித் அண்ட் வெஸ்ஸன், 1987 முதல் டாம்கின்ஸ் என்னும் பிரித்தானியக் குழுமத்தின் கையில் இருந்தது. 2000 மார்ச் 17 அன்று அந்நிறுவனம் கிளிண்டன் அரசோடு ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டது. 60 நாள்களுக்குள் கைத்துப்பாக்கிகளுக்கு வெளிப்பூட்டு தர வேண்டும், இரண்டு ஆண்டுகளுக்குள் உட்பூட்டு அமைக்க வேண்டும் என்பவை அதில் இருந்த கடப்பாடுகள். இதைச் சரணாகதி என்று எண்ணிய துப்பாக்கி உரிமையாளர்கள் அந்நிறுவனத்தின் பொருள்களையே புறக்கணித்தார்கள், விற்பனை சரிந்தது. 2001 மே மாதத்தில் டாம்கின்ஸ் அதை 15 மில்லியன் டாலர் பணத்துக்கும் கடன் பொறுப்புக்குமாக விற்றுவிட்டு வெளியேறியது. வாங்கிய நிறுவனத்தின் பெயர் சேஃப்-டி-ஹேமர். அது பெயருக்கேற்பத் துப்பாக்கிப் பாதுகாப்புச் சாதனங்களை உருவாக்கும் சிறு நிறுவனம். பூட்டு செய்பவர் துப்பாக்கித் தொழிற்சாலையை வாங்கினால் துப்பாக்கிக்குள் பூட்டு வந்து உட்காருவதில் வியப்பென்ன? உங்கள் 686-இல் ஆறாம் மாற்றம் என்று குறித்திருப்பதே அந்தப் பூட்டோடு வந்த மாற்றம்தான். அதற்கு முந்தைய 686-5 வகையில் வார்ப்புச் சுத்தியும் குண்டைத் தட்டி வெடிக்க வைக்கும், சட்டகத்தில் பொருத்திய ஊசியும் உண்டு, துளை இல்லை.

ஆகவே பலருடைய கண்ணுக்கு அந்தத் துளை ஓர் அரசியல் வடு. அன்றைய முதல் சீமாட்டியின் பெயரைச் சேர்த்து அதற்கு ஒரு கேலிப் பெயரும் வைத்திருக்கிறார்கள்; நான் அதை இங்கே எழுதவில்லை. அரசியலுக்கு அப்பால் இன்னொரு ஆட்சேபம் உண்டு: ஸ்கேண்டியம் கலந்த அலுமினியச் சட்டகமும் டைட்டானிய உருளையும் கொண்ட மிக இலேசான ரிவால்வர்களில், வலுவான மேக்னம் குண்டுகளைச் சுடும்போது பின்னுதைப்பின் அதிர்ச்சியில் நாக்கு தானாகவே எழும்பிக் கொண்டதாக உரிமையாளர்கள் சிலர் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் 686 ஒரு கிலோவுக்கும் மேல் எடையுள்ள எஃகு. அந்த அச்சத்தை அப்படியே இதற்குப் பொருத்திப் பார்ப்பது சரியாகாது.

எல்லாத் தயாரிப்பாளர்களும் பூட்டை ஒரே இடத்தில் வைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பிரேசிலின் டாரஸ் நிறுவனம் சுத்தியின் பின்புறத்திலேயே ஒரு சிறு திருகு போல வைத்தது. ரூகர் நிறுவனம் 2005-இல் கொண்டு வந்த நியூ வக்கேரோவில் கைப்பிடித் தகட்டுக்கு அடியில் மறைத்து வைத்தது. வேண்டுமானால் தகட்டில் துளையிட்டுக் கொள்ளலாம், வேண்டாமென்றால் அங்கே பூட்டு இருப்பதே தெரியாது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸனே சுத்தி மறைந்திருக்கும் 642 வகையைப் பூட்டோடும் பூட்டில்லாமலும் விற்றிருக்கிறது. துளையின் மேல் இவ்வளவு மனக்கசப்பு இருப்பவர் அத்தகைய ஒன்றை வாங்குவது, வாங்கியதை அறுத்துக் கொண்டிருப்பதைவிட எளிது.

சட்டத்தையும் சுருக்கமாகச் சொல்கிறேன். துப்பாக்கிக்குள் பூட்டு இருந்தே தீர வேண்டும் என்று கூட்டாட்சிச் சட்டம் சொல்லவில்லை. 2005-ஆம் ஆண்டின் குழந்தைப் பாதுகாப்புப் பூட்டுச் சட்டம், உரிமம் பெற்ற விற்பனையாளர் கைத்துப்பாக்கியை விற்கும்போது பூட்டோ பாதுகாப்புச் சாதனமோ சேர்த்துத் தர வேண்டும் என்று மட்டும் கேட்கிறது. மாநிலங்கள் வேறு. மேரிலாந்தில், 2002 டிசம்பர் 31-க்குப் பிறகு செய்யப்பட்ட கைத்துப்பாக்கியை விற்பனையாளர் விற்க வேண்டுமானால் அதற்குள்ளேயே இணைந்த எந்திரப் பாதுகாப்பு இருக்க வேண்டும். மாசசூசெட்ஸில், கையில் இல்லாத துப்பாக்கி பூட்டிய பெட்டிக்குள் இருக்க வேண்டும், அல்லது சிதைக்க முடியாத பூட்டு அதில் பூட்டப்பட்டிருக்க வேண்டும். தற்காப்புக்காக வீட்டில் வைத்திருக்கும் துப்பாக்கியையும் எப்போதும் பூட்டியோ பிரித்தோ வைக்க வேண்டும் என்ற தலைநகரின் விதியை உச்ச நீதிமன்றம் 2008 ஜூன் 26 அன்று ஹெல்லர் வழக்கில் செல்லாது என்றது. அதனால் மாநிலங்களின் சேமிப்பு விதிகள் எல்லாம் ஒழிந்துவிட்டதாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நீங்கள் இருக்கும் மாநிலத்தின் விதியைப் படித்துவிட்டே திருப்புளியை எடுங்கள்.


அரைமில்லி எழுதியது:

மூவருக்கும் நன்றி. மூன்றாம்படி அவர்கள் கடிந்து கொண்டது சரிதான். எங்கள் வீட்டில் பிள்ளைகள் இல்லை, ஆனால் விடுமுறைக்குத் தங்கையின் பிள்ளைகள் வருவார்கள். குமிழ் யோசனையை ஒதுக்கி வைக்கிறேன். என் மாநிலத்தில் உட்பூட்டு கட்டாயம் இல்லை என்று உறுதி செய்து கொண்டேன் என்றாலும், வேலை செய்யும் பூட்டு இருப்பதே எனக்கு மேல் என்று இப்போது தோன்றுகிறது.

ஆனால் ஒன்று மட்டும் உறுத்துகிறது, ஐயா. நாக்குதான் பழுது என்று நான் எண்ணியதற்குச் சான்று எதுவும் இல்லை. பக்கத்தகட்டைத் திறந்து நானே பார்த்துவிடலாமா? ஒரு திருப்புளியும் ஒரு மணி நேரமும் போதும் என்று நினைக்கிறேன்.


கடைசல்காரன் எழுதியது:

பழுது எது என்று தெரியும் முன்பே மாற்று உறுப்புக்கு உலோகம் தேடிக் கொண்டிருந்தீர்கள் என்பதை நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். நான் சொன்னால் கோபம் வந்திருக்கும்.

திறப்பதைப் பற்றி: இதுவரை இந்த வகைத் துப்பாக்கியைத் திறந்ததே இல்லை என்றால், முதல் முறை உரிமம் பெற்ற துப்பாக்கிப் பணியாளரிடம் கொண்டு போய், அவர் திறக்கும்போது கூட நின்று பாருங்கள். பலர் அனுமதிப்பார்கள். இதை நான் தயக்கத்தினால் சொல்லவில்லை. மூன்று காரணங்கள் இருக்கின்றன.

முதலாவது, திருகுகள். வலப்பக்கத் தகட்டைப் பிடித்திருக்கும் திருகுகள் எல்லாம் ஒன்று போல் தோன்றும், ஒன்றல்ல. முன்பக்கத் திருகு உருளையின் கையைத் தாங்கி நிற்பது, அதற்கென்று பொருத்தப்பட்டது. இடம் மாறிப் போட்டால் உருளை ஆடும் அல்லது இறுகும். சாதாரணக் கடைத் திருப்புளியின் முனை ஆப்பு போல் சரிந்திருக்கும். அது திருகின் தலையைச் சிதைத்துவிடும். பக்கம் இணையாகத் தீட்டிய முனை வேண்டும்.

இரண்டாவது, தகடு. திருகைக் கழற்றிய பிறகும் அது வராது. வராது என்றவுடன் திருப்புளியை விளிம்பில் நுழைத்து நெம்புகிறார்கள். விளிம்பு மிகத் துல்லியமாகப் பொருந்தும்படி செய்யப்பட்டது. ஒருமுறை நெம்பினால் அந்தக் கோடு வாழ்நாள் முழுவதும் தெரியும். நெம்பாமல், பிடிச் சட்டத்தை மரக்கைப்பிடியால் மெல்லத் தட்டிக் கொண்டே இருந்தால் அந்த அதிர்வில் தகடு தானாக எழும்பி வரும்.

மூன்றாவதுதான் முக்கியம். தகடு எழும்பும்போது மெல்லிய எஃகுத் துண்டு ஒன்று சத்தமில்லாமல் கீழே விழும். சுத்தித் தடுப்பு என்பது அதுதான். விசையை இழுக்காதபோது சுத்திக்கும் சட்டகத்துக்கும் நடுவில் நின்று, துப்பாக்கி தரையில் விழுந்தாலும் குண்டு வெடிக்காமல் காப்பது அதன் வேலை. இரண்டாம் உலகப் போரின்போது, 1944-இல், கடற்படைக் கப்பலின் தளத்தில் விழுந்த ரிவால்வர் வெடித்து ஒரு மாலுமி இறந்த பிறகு, அந்தத் தடுப்பை நிறுவனம் புதிதாக வடிவமைத்தது. வேடிக்கை என்னவென்றால், அந்தத் துண்டை மறந்துவிட்டுத் தகட்டை மூடினாலும் துப்பாக்கி நன்றாகவே சுடும். சொல்லப் போனால் விசை சற்று இலேசாகக்கூடத் தோன்றலாம். அதனால்தான் மறந்தது தெரியாமலே ஆண்டுக் கணக்கில் வைத்திருக்கிறார்கள். நான் திறந்த பழைய ரிவால்வர்களில், உள்ளே அந்தத் துண்டு இல்லாதவற்றை ஒன்றுக்கு மேல் பார்த்திருக்கிறேன். உட்பூட்டைச் சரி செய்யப் போய், அதைவிட முக்கியமான பாதுகாப்பை மேசைக்கு அடியில் தொலைத்துவிட்டு வர வேண்டாம்.

நாக்கோ அதன் சுருளோ உண்மையிலேயே பழுது என்றால் தொழிற்சாலை உறுப்பையே கேளுங்கள். சுருளை மட்டும் வீட்டில் முறுக்கிப் பார்க்கவே வேண்டாம். அத்தனை சிறிய கம்பியில் ஒரு சுற்று கூடினாலும் குறைந்தாலும் நாக்கு எந்த நிலையில் தங்கும் என்பதே மாறிப் போகும்.


நீலமெருகு எழுதியது:

ஒரு சிறு குறிப்பு. சாவியைத் திருப்பும்போது மணல் போல உறுத்துவது தேய்மானத்தின் அடையாளம் அன்று. தேய்ந்த உறுப்பு தளர்ந்து ஆடும்; உறுத்தாது. ஆண்டுக் கணக்கில் யாரும் தொடாத பூட்டில், உள்ளே ஊற்றிய எண்ணெய் காய்ந்து வார்னிஷ் போலப் படிந்து, அதில் வெடிமருந்துக் கரியும் ஒட்டிக் கொள்ளும். முதல் உரிமையாளர் சாவியைத் தொலைத்துவிட்டார் என்று சொன்னீர்கள். அப்படியானால் அந்தப் பூட்டு எத்தனை ஆண்டுகளாகத் திரும்பவே இல்லை என்று எண்ணிப் பாருங்கள். கண்ட எண்ணெயையும் துளை வழியாகப் பீய்ச்சும் பழக்கம் பலருக்கு உண்டு. அதுதான் முதலில் வழுக்கி, பிறகு பசையாகிவிடுகிறது. உறுப்பு வாங்கும் முன்பு கழுவச் சொல்லுங்கள்.


அரைமில்லி எழுதியது:

மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன். நடந்ததைச் சொல்ல வேண்டிய கடமை இருக்கிறது.

பணியாளர் ஒருவர் என்னை எதிரில் உட்கார வைத்துக் கொண்டே திறந்தார். வெள்ளைத் துணி விரித்து, ஒவ்வொரு திருகையும் வந்த வரிசையில் ஓர் அட்டையில் குத்தி வைத்தார். பிடிச் சட்டத்தைத் தட்டத் தொடங்கிப் பத்துப் பதினைந்து தட்டுகளுக்கு எதுவும் நடக்கவில்லை. பிறகு தகட்டின் மேல்விளிம்பில் ஒரு மயிரிழை இருட்டுத் தெரிந்தது. அந்தத் துண்டு துணியில் விழுந்தபோது, கடைசல்காரன் ஐயா சொன்னது போலவே சத்தமே கேட்கவில்லை. நான் தனியாகத் திறந்திருந்தால் அது சிமெண்டுத் தரையில் விழுந்து உருண்டிருக்கும், நான் பார்த்திருக்கவும் மாட்டேன்.

சுத்தியைக் கழற்றியதும் நாக்கு தெரிந்தது. வளையவில்லை, தேயவில்லை, முளையின் விளிம்பில் நகம் தட்டி நின்றது. அதைச் சுற்றிலும் தேன் நிறத்தில் ஒரு படலம் உறைந்து, அதற்குள் கருந்தூள் பதிந்து கிடந்தது. நீலமெருகு அவர்கள் சொன்னதை அப்படியே படம் பிடித்து வைத்தது போல் இருந்தது. பல்துலக்கி போன்ற தூரிகையும் கரைப்பானும் கொண்டு அவர் கழுவிய நீர் தேநீர் நிறத்தில் வடிந்தது. ஒரு துளி, அதாவது ஊசி முனையில் நிற்கும் அளவுக்கு ஒரே ஒரு துளி எண்ணெய் மட்டும் வைத்தார். தடுப்புத் துண்டை அதன் முளையில் மாட்டிக் காட்டிய பிறகே தகட்டை மூடினார். சாவியைத் திருப்பச் சொன்னார். சொல் முழுவதும் மேலே தெரிந்தது, விசை அசையவில்லை. திருப்பி இறக்கியதும் எந்தத் தடையும் இல்லாமல் படுத்துக் கொண்டது.

ஆக, நாக்கும் செய்யவில்லை, குமிழும் செய்யவில்லை. கருவி எஃகுக் கம்பி உறை பிரிக்காமல் அலமாரியில் இருக்கிறது. லேத்தில் கடைந்தது ஒன்று உண்டு: அந்தச் சாவி விரலுக்கு அகப்படாத அளவுக்குச் சிறியது, முதல் உரிமையாளர் தொலைத்ததில் வியப்பில்லை. அதன் தலை பொருந்தும்படி 12 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பியில் ஒரு கைப்பிடி கடைந்து, நழுவாமல் இருக்க நடுவில் சொரசொரப்பு ஏற்றி, முனையில் வளையத்துக்கு ஒரு துளை போட்டேன். மூலச் சாவியை அதில் அழுத்திப் பொருத்தியிருக்கிறேன். இப்போது அது பெட்டகச் சாவிக் கொத்தோடு தொங்குகிறது. இரண்டாவது சாவி ஒன்றையும் வரவழைத்து வேறிடத்தில் வைத்திருக்கிறேன்.


கடைசல்காரன் எழுதியது:

நல்லது, தம்பி. கைப்பிடியின் விளிம்புகளைக் கூர் மழுங்கும்படி உடைத்துவிட்டீர்களா? பித்தளையில் கூர் விளிம்பு இருந்தால் துப்பாக்கியின் மேல் பட்டுக் கோடு போடாவிட்டாலும் சட்டைப் பையைக் கிழிக்கும். அந்தக் கருவி எஃகுக் கம்பியை எண்ணெய்த் தாளில் சுற்றி வையுங்கள்; உறைக்குள்ளேயே துருவேறிவிடும்.


அரைமில்லி எழுதியது:

அரை மில்லிமீட்டர் சரிவு கொடுத்து உடைத்திருக்கிறேன், ஐயா. கம்பியை இன்று மாலையே சுற்றி வைக்கிறேன்.